உட்கார்ந்தவர் எழுந்த இருபத்தாறு நாள்

புத்தர் எழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். ஒரு தடவை அல்ல. தொடர்ந்து இருபத்தாறு நாள், காலை ஏழு மணிக்கு, அரசாங்கச் சம்பளத்தில் பார்த்தேன்.

டீக்கடை பெஞ்சில் இதை ஆரம்பித்தால் போதும், "பெரியவரே, எவ்வளவு உயரம் எழுந்தாரு?" என்று ஒருவன் கொக்கி போடுவான். "ஒரு முழம்" என்பேன். "போன வாரம் அரை முழம்னீங்களே?" "போன வாரம் நீ டீ வாங்கித் தரலையே" என்பேன். பெஞ்சே குலுங்கும். என் வாய்க்குள் கொசு போனால் பருந்தாகத்தான் வெளியே வரும், ஒப்புக்கொள்கிறேன். பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் மட்டம் பார்க்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். "ஆபீஸ்ல அளந்தது போதாதுன்னு இப்ப ஊர் பூரா அளந்துட்டு வர்றாரு" என்று என் வீட்டுக்காரி பால்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறாள்.

ஆனால் ஊர் என்னைச் சந்தேகப்படவில்லை. சிரிக்கிறது, அவ்வளவுதான். அப்படி நடக்கவே இல்லை என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் ஒரே ஒருவர். அந்தக் கையெழுத்து ஒரு மனிதனைத் தின்றது. இதை மட்டும் நான் ஊதிச் சொல்லவில்லை.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஒரு செங்கல் மேடு. ஒரு காலத்தில் அது பௌத்தத் துறவிகளின் மடம், நடுவில் புத்தர் கோயில். பத்தாயிரம் துறவிகள் இருந்தார்கள் என்று சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் சொல்வேன். அடித்தளத்தை எண்ணினால் இருபத்துமூன்று அறை வரும், அறைக்கு ஒருவர். ஏன் போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆறு தள்ளிப் போனதோ, சோறு போட்ட ஊர் கலைந்து போனதோ. ஆனால் ஒரே நாளில் போகவில்லை. அது எனக்குத் தெரியும், ஏனென்றால் இருபத்திரண்டு அறைகளின் வாசலையும் யாரோ வெளியிலிருந்து செங்கல் அடுக்கி ஒழுங்காக மூடியிருக்கிறார்கள். ஒவ்வொருவர் போகப் போக, மிச்சம் இருந்தவர்கள் மூடியிருக்க வேண்டும். இருபத்துமூன்றாவது அறை மட்டும் திறந்தே கிடக்கிறது. கடைசி ஆளின் அறையை மூட ஆள் இல்லை.

அதற்குப் பிறகு ஊர் தன் வேலையைக் காட்டியது. ஆற்றுப் பாலத்தின் கால், போலீஸ் நிலையத்தின் மதில், பள்ளிக்கூடத்துக் கழிப்பறை, எல்லாம் அந்தச் செங்கல்தான். என் சமையலறைச் சுவரிலும் மூன்று இருக்கின்றன. பல்லி அங்கே மட்டும் சத்தம் போடாது என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். எடுக்க முடியாமல் விட்டது நடுவில் இருந்த சிலையை மட்டும்தான். உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்புச் சாந்து. அதை உடைத்தால் தூள்தான் மிஞ்சும். மூக்கு இல்லை, கை இல்லை. கல் பீடத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் அவருக்குப் பெயரே உட்கார்ந்தவர்தான். "உட்கார்ந்தவர்கிட்ட இறங்கணும்" என்றால் பஸ் நிற்கும்.

அவருக்குக் காவலாளி ஒருவன் இருந்தான். விசில் என்றுதான் கூப்பிடுவோம். மேட்டில் ஏறும் ஆட்டைப் பார்த்து ஊதுவான், சுவரில் பெயர் எழுத வரும் காதலர்களைப் பார்த்து ஊதுவான், சாப்பாடு கொண்டுவரும் பெண்டாட்டியைத் தூரத்தில் பார்த்துவிட்டாலும் ஊதுவான். அந்த இருபத்துமூன்றாவது அறையில்தான் உட்கார்ந்து சாப்பிடுவான். "வாசல் திறந்திருக்கற வீட்டுல ஆள் இருக்கணும்ணே" என்பான். என்னைவிட ஏழு வயது இளையவன். நான் மட்டக்கருவியின் குழாய்க்குள் கண்ணை வைத்தால், அங்கே அளவுகோலை நிமிர்த்திப் பிடிக்கிறவன் அவன்தான். அது அவன் வேலை இல்லை. இருந்தாலும் பிடிப்பான், அதுவும் ராணுவ அணிவகுப்பில் கொடி பிடிப்பது மாதிரி.

நான் வேலையில் சேர்ந்து சில வருடமே ஆகியிருந்த சமயம், ஒரு கோடைக்கு முன்னால் தலைநகரத்திலிருந்து பெரிய மனிதர் ஒருவர் பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்தது. அப்போது எங்களுக்கு மேலே இருந்தவர் ஒரு பொறியாளர். கெட்டிக்காரர், நேர்மையானவர், இஸ்திரி மடிப்புக் கலையாதவர். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. வறண்ட மேட்டில் இடிந்த சுவரைக் காட்டினால் வருகிறவர் என்ன நினைப்பார்? சுற்றிலும் புல்தரை போட்டால் எப்படி இருக்கும்?

போட்டோம். லாரியில் புல் வந்தது, ரப்பர் குழாய் வந்தது. காலையும் மாலையும் தண்ணீர் பாய்ச்சும் வேலையை விசிலின் தலையில் கட்டி, கையில் ஒரு மண்வெட்டியும் கொடுத்தார்கள். அவன் சந்தோஷமாகத்தான் செய்தான். ஆயிரம் வருடம் தண்ணீரையே பார்க்காத கருப்புக் களிமண் அது. குடித்த குடி இருக்கிறதே, ஆறே ஒரு அடி இறங்கிவிட்டது என்பேன் நான்.

சிலை அசையாமல் இருக்கிறதா என்று தினமும் காலையில் மட்டம் எடுத்து அளவுப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்பது பொறியாளரின் இன்னொரு உத்தரவு. வாசற்படிக் கல்லில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு குறி. அதிலிருந்து பீடத்தின் விளிம்பு எவ்வளவு உயரம் என்று பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. முதல் மூன்று நாள் ஒரே எண். நாலாவது நாள் ஒரு மில்லிமீட்டர் கூடியிருந்தது. ஐந்தாவது நாள் மூன்று.

"டேய் விசில், கோலை நேராப் பிடி."

"நேராத்தாண்ணே இருக்கு. அவர்தான் நேரா இல்ல."

"என்னடா சொல்ற?"

"எழுந்திருக்காருண்ணே. பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியும்."

நான் சிரித்தேன். பொய்க்குப் பேர்போனவன் நானே சிரித்தேன் என்றால் பாருங்கள். பிறகு பொறியாளரிடம் போய்ச் சொன்னேன். கருவி கோளாறு என்றார். வேறு கருவி வந்தது, அதே எண். அளவுகோலின் அடி தேய்ந்திருக்கும் என்றார். புதுக்கோல் வந்தது, அதே எண். பத்தாவது நாள் அவரே குழாய்க்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இத்தனை டன் எடை எப்படிப்பா மேலே போகும்? வாசற்படிதான் கீழே இறங்குது. தினம் நடக்கிற இடம் இல்லையா? எவ்வளவு இறங்குதோ அதைக் கழிச்சு எழுது."

இதுதான் நாங்கள் செய்த வேலை. சிலை மேலே போக முடியாது என்பது தெரிந்த விஷயம். அதனால் கூடின அளவு முழுவதையும் படி இறங்கிய கணக்கில் கழித்து, பழைய எண்ணையே எழுத வேண்டியது. படி உண்மையில் இறங்கியதா என்று வேறொரு இடத்திலிருந்து பார்க்க அரை மணி நேரம் போதும். பார்க்கவில்லை. பென்சிலில் எழுதியிருந்த பழைய பக்கங்களை ரப்பரால் அழித்துவிட்டுப் பேனாவில் திருத்தி எழுதினேன். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. அழகான கையெழுத்து எனக்கு. இருபத்தாறு நாளும் ஒரே எண், முத்து முத்தாக.

விசில் மட்டும் விடவில்லை. தண்ணீரை நிறுத்தச் சொல்லி பொறியாளரிடமே போய் நின்றான். "ஐயா, ஒரு பக்கமா எழுந்திருக்காரு. சாய்ஞ்சுடுவாரு." பொறியாளர் என் பக்கம் திரும்பினார். "புத்தகம் என்ன சொல்லுது?" புத்தகத்தை நீட்டினேன். விசில் என்னைப் பார்த்தான். எழுதப் படிக்கத் தெரியாதவன் அவன். அந்த எண்களைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தான்.

"அண்ணன் எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, போய்க் குழாயைத் திறந்தான்.

இருபத்தேழாம் நாள் காலையில் போனபோது உட்கார்ந்தவர் இல்லை. இடுப்போடு ஒடிந்து, முகம் குப்புறப் புல்லில் கிடந்தார். அந்தப் புல் அன்றைக்குத்தான் நல்ல பச்சையாக இருந்தது. விசில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். விசிலை வாயில் வைத்திருந்தான், ஊதவில்லை.

பெரிய மனிதர் வரவில்லை. தண்ணீர் நின்றது, புல் கருகியது. விசாரணைக்கு ஆள் வர நாற்பது நாள் ஆனது. அதற்குள் களிமண் காய்ந்து சுருங்கி, பீடத்தின் ஒரு பக்கம் அடியில் முழங்கை நீளத்துக்குக் குழி விழுந்திருந்தது. காவலாளியின் கொட்டகையில் மண்வெட்டி. விசாரணைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? புதையல் இருக்கிறது என்று ஊரில் எந்தக் காலத்திலிருந்தோ பேச்சு. பொறியாளர் அறிக்கை எழுதினார்: தினசரி அளவுகளின்படி சிலையில் எந்த அசைவும் இல்லை, எனவே சரிந்ததற்குக் காரணம் தோண்டியதுதான்.

என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். "புத்தகத்தில் இருப்பது சரிதானா?"

"சரிதான்" என்றேன்.

என் வாழ்க்கையிலேயே ஒரு சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னது அன்றைக்குத்தான். அது பொய்.

விசிலை வேலையிலிருந்து அனுப்பினார்கள். சிறைக்கு அனுப்பவில்லை, அதுவரைக்கும் கருணை. அவன் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் உட்கார்கிறவன் எழுந்து போவான். "எவ்வளவு கிடைச்சுது?" என்று கடைத்தெருவில் கேட்பார்கள். மூன்று வருடம் மூட்டை தூக்கினான். பிறகு நெஞ்சில் ஏதோ வந்து போய்ச் சேர்ந்தான். ஒரு தடவைகூட அவன் என்னிடம் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் நான் இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். டீக்கடையில், கல்யாண வீட்டில், முடி வெட்டும் இடத்தில். மெதுவாகச் சொன்னால் யாரும் காது கொடுக்கவில்லை, பெரிதாக்கினேன். இரண்டு விரல், ஒரு சாணானது. சாண் முழமானது. கேட்டார்கள், ரசித்தார்கள், சிரித்தார்கள்.

போன மாதம் மேட்டில் புதிதாக ஒரு அறிவிப்புப் பலகை நட்டார்கள். பளபளவென்று இரும்புத் தகட்டில் அந்த இடத்தின் வரலாறு, பதினொரு வரி. விசிலின் மனைவி பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலை பார்க்கிறாள். நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போனபோது தண்ணீர் கேன் தூக்க அவளையும் அழைத்துப் போயிருக்கிறார்கள். டீச்சர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு வரியாகச் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறார். ஒன்பதாவது வரி இது: 'பிற்காலத்தில் காவலாளி ஒருவர் புதையல் ஆசையால் பீடத்தின் அடியில் தோண்டியதால் சிலை அழிந்தது.' படித்த பிள்ளைக்கு டீச்சர் 'சபாஷ்' சொல்லியிருக்கிறார். இவள் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அன்றைக்குச் சாயங்காலமே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். உட்காரவில்லை.

"அண்ணே, அந்த ஒரு வரியை எடுக்கணும். மத்த பத்தும் இருந்துட்டுப் போகட்டும்."

மறுநாள் இருவரும் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த எழுத்தர் நல்ல பையன்தான். "அறிக்கையில இருக்கறதுதான் பலகையில இருக்கும்மா. அறிக்கை எழுதினவரே தப்புன்னு எழுதிக் கொடுத்தா மாத்தலாம்" என்றான்.

"நான் சாட்சி இருக்கேன்பா. நான்தான் அளந்தேன்."

"நீங்களா?" அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சார், போன தடவை அவர் எழுந்து கை கழுவினார்னு சொன்னீங்க."

மாடிப்படியில் இறங்கும்போது தங்கச்சி முன்னால் போனாள். கடைசிப் படியில் நின்றாள்.

"ஒரு முழம், ஒரு முழம்னு நீங்க ஊர் சிரிக்கச் சொல்லிச் சொல்லியே அது பொய்யாப் போச்சுண்ணே. எழுந்தது ரெண்டு விரல்னு எங்க வீட்டுக்காரர் சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு."

பொறியாளரையே போய்ப் பார்த்துவிடலாம் என்றேன்.

பொறியாளர் ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார், மடிப்பு இன்னும் கலையவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். வாசலை ஒட்டிப் பக்கவாட்டில் ரோஜாப் பாத்தி. சுவரை ஒட்டி ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"தள்ளிட்டு வாங்க, கதவு கொஞ்சம் பிடிக்கும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

தோளைக் கொடுத்துத் தள்ளினேன். கதவு தரையில் உரசிக் கத்தியது. டைல்ஸில் அரைவட்டமாக ஒரு கீறல், அதற்கு வெளியே இன்னொன்று.

அவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "என்னப்பா, இன்னும் அளந்துட்டுத்தான் இருக்கியா?" என்றார். பின்னால் நின்றவளைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. உட்காரச் சொன்னார். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

விஷயத்தைச் சொன்னேன். "அதெல்லாம் முடிஞ்சு போனது" என்றார். "அளவுகள் இருக்கு, புத்தகம் இருக்கு. நீயே எழுதினது."

"அழிச்சுட்டு எழுதினது, ஐயா."

"படி இறங்கினது. அதைச் சரி பண்ணினோம். முறையான வேலை."

நான் வாதம் பண்ணிப் பழகியவன் அல்ல. கதை சொல்லிப் பழகியவன்.  கண் அந்தக் கதவுப் பக்கமே போனது.

"இந்தக் கதவு எத்தனை நாளா இப்படி?"

"மூணு வருஷமா. மட்டமான மரம். தச்சன் மூணு தடவை வந்து அடியை இழைச்சுட்டான், திரும்பத் திரும்ப இறங்குது."

டம்ளரை எடுத்துக்கொண்டு போய் வாசலுக்கு இரண்டடி உள்ளே தரையில் வைத்தேன். இந்த வயதில் குப்புறப் படுத்து ஒரு டம்ளரைப் பார்ப்பது சுலபமா? படுத்தேன். கதவுப் பக்கத்து விளிம்பில் தண்ணீருக்கு மேலே கண்ணாடி கூடுதலாகத் தெரிந்தது. டைல்ஸ் இணைப்பில் விரலை ஓட்டினேன். பாத்தியை ஒட்டிய வரிசை முழுவதும் தூக்கிக்கொண்டு இருந்தது.

"எவ்வளவுண்ணே?" என்று கேட்டாள் தங்கச்சி.

ஒரு சாண் என்று சொல்ல நாக்கு தானாக எழுந்தது. அடக்கினேன்.

"அரை விரல்மா. அதுகூட இல்ல. ஆறு மில்லிமீட்டர் இருக்கும்." எழுந்து கையைத் தட்டிக்கொண்டேன். "கதவு இறங்கலை, ஐயா. தரை எழுந்திருக்கு. அதே களிமண். ரோஜாவுக்கு ஊத்தற தண்ணியை அது குடிச்சு உப்புது. நீங்க கதவை இழைச்சுக்கிட்டே இருக்கீங்க."

அவர் எழுந்து வந்தார். குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் பாதத்தால் அந்த இணைப்பைத் தடவினார். ஒரு தடவை போய் வந்தார். மறுபடி போய் வந்தார். வெளியே குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் போய் மூடவில்லை.

"அங்க எவ்வளவு?" என்று கேட்டார். என்னைப் பார்க்காமல்.

"நாற்பத்தொண்ணு மில்லிமீட்டர். கடைசி நாள் காலையில. பென்சில்ல எழுதினேன், அழிச்சேன், மறக்கல."

அவர் நாற்காலிக்குத் திரும்பினார். பேச்சை மாற்றுவார் என்று நினைத்தேன். தங்கச்சி அதற்கு இடம் கொடுக்கவில்லை. நாற்காலிக்கு எதிரே போய் நின்றாள்.

"எனக்கு மில்லிமீட்டர் எல்லாம் புரியாதுங்கய்யா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவர் தோண்டினாரா?"

"மண்வெட்டி இருந்தது…"

"நீங்க கொடுத்தது. புல்லு வெட்டக் கொடுத்தது. அவர் தோண்டினாரா?"

பொறியாளர் தன் கைகளைப் பார்த்தார். நகத்தில் தோட்டத்து மண் இருந்தது. அதை ஒவ்வொரு விரலாகத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். தங்கச்சி என் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இல்லம்மா" என்றார். குரல் உள்ளேயே நின்றது. மறுபடி சொன்னார், இந்தத் தடவை அவளுக்குக் கேட்கிற மாதிரி.

"தோண்டல. எழுந்துச்சு. பதினெட்டாவது நாளே எனக்குத் தெரியும். இவரும் உங்க வீட்டுக்காரரும் டீ குடிக்கப் போயிருந்தாங்க. நான் குனிஞ்சு பார்த்தேன். பீடத்தோட அடியில, தரைக்கு மேல, அதுவரைக்கும் மண்ணுக்குள்ள புதைஞ்சு வெயிலே படாத கல்லு ஒரு கோடு மாதிரி வெள்ளையாத் தெரிஞ்சுது. தண்ணியை நிறுத்தியிருக்கணும். நான் சேத்தை அள்ளி அது மேல பூசினேன். இந்தக் கையாலதாம்மா."